பொறுமைக்கு அரைப்பேர்

“நேத்து எத்தன தடவ பொறுமையா இருந்தீங்க?”

றோசாலி முதுகுச் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தாள். கேள்வி தனக்கில்லை என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற விஜயலெட்சுமியும் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

“உங்களத்தான் அக்கா. பொறுமை. நேத்து எத்தன தடவ?”

“எண்ணலயே சார்.”

“எண்ணணும்.”

“இருக்க வேண்டியப்ப இருந்திட்டுப் போறதுதானே சார். அத எங்கிட்டு எண்ணுறது?”

“எண்ணாட்டி பதிய ஏலாது. பதியாட்டி அது நடக்கல.” நிஷாந்த் அட்டையைத் தொடையில் வைத்து, பொறுமை என்ற கட்டத்தில் ஒரு மஞ்சள் வட்டத்தை ஒட்டினான். பதிவு எடுப்பதற்காகப் பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பையன். அவனுக்குக் கோபமே வராது. அவனுடைய சொந்த அட்டையில் கோபம் கொள்ளாமைக்கு ஒரு கட்டம் இருந்தது. “அப்ப நேத்துப் பொறுமைக்குப் பாதிதான்.”

பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை நல்லையா உதவிக்கு வந்தார். “அரைப்பேர்னு சொல்லுங்க சார். அப்பத்தான் இவங்களுக்கு வெளங்கும்.”

விளங்கியது. அரைப்பேர் என்றால் என்னவென்று அந்தத் தோட்டத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து என்று ஒரு நிறை வைத்திருக்கிறார்கள். அது குறைந்தால், விடிந்ததிலிருந்து அந்தி வரை மலையில் நின்றவளும் பாதி நாள்தான் வேலை செய்தாள் என்று பதிவார்கள். அப்படிப்பட்ட சொல் நற்பண்புக்குள் நுழைந்தது தகரத்தின் வழியாக.

கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிற அந்தத் தோட்டத்தில் போன வருஷம் ஒரு பெருங்காற்று அடித்து, ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. பிய்ந்ததை ஆட்கள் பொறுக்கி எடுத்து, மேலே வைத்து, கல்லை ஏற்றினார்கள். எங்கோ தூர தேசத்தில் இருந்த நல்ல மனிதர்கள் அதைக் கேள்விப்பட்டுப் புதுத் தகரம் வாங்கி அனுப்பினார்கள். தகரம் நேரே லயத்துக்கு வந்திருந்தால் பேச்சே இல்லை. அது பதுளைக்கு வந்தது. பதுளைக் கடைத்தெருவில், ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், நற்பழக்க வளர்ச்சி மன்றம் என்று ஒன்று இருந்தது. மன்றத்துக்கு அலுவலகம் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, ஷிரோமி மேடம் என்ற பணிப்பாளர் இருந்தார். நற்பழக்கத்தை வளர்ப்பதற்கு ஆட்கள்தான் இருக்கவில்லை. தகரம் பங்கிடுகிற பொறுப்பு கைக்கு வந்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது.

ஷிரோமி மேடமே ஒரு நாள் பெரட்டுக்கு வந்தார். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற நேரம் அது. ஆட்கள் ஏற்கெனவே வரிசையில் நின்றதால் பேச்சுக்கு வசதியாக இருந்தது.

“அன்பார்ந்த தோட்டத்து உறவுகளே! கூரை என்பது வெளியே இருப்பது. ஒழுக்கம் என்பது உள்ளே இருப்பது. வெளியே இருப்பதை நாங்கள் இன்றைக்கே தந்துவிடலாம். லொறி கூட வந்துவிட்டது. ஆனால் சும்மா கிடைத்த தகரத்தின் கீழே எப்படிப்பட்ட மனிதர் உருவாவார்? இதை யோசித்து யோசித்து எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆகவே, தினமும் சின்னச் சின்ன நற்பழக்கங்கள். தினமும் ஒரு பதிவு. எந்த வீட்டில் பண்பு நிரம்புகிறதோ அந்த வீட்டுக்குத் தகரம்.”

“அப்ப பழைய தகரத்தப் போட்டவன் என்ன பண்பப் பாத்துப் போட்டான்?” என்று விஜயலெட்சுமி றோசாலியின் காதுக்குள் கேட்டாள்.

“பேசாம இரு.”

“வெள்ளக்காரன் நம்ம மூஞ்சியவே பாக்கல. பாத்திருந்தா போட்டிருக்க மாட்டான்.”

தகரத்தைக் கொழுந்து மடுவத்தில் இறக்கினார்கள். கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகைக்குத்தான் அந்தப் பிரிவில் ஒழுகாத கூரை. அது போதாதென்று தகர அடுக்கின் மேல் ஒரு நீலத் தறப்பாளைப் போர்த்தி நாலு மூலையிலும் கல் வைத்தார்கள்.

“நல்லா மூடுங்க, தகரம் நனைஞ்சிறப் போகுது,” என்றாள் விஜயலெட்சுமி சத்தமாக.

மேடம் திரும்பி அவளைப் பார்த்து, “ஆமாம், எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும்,” என்றார்.

றோசாலிக்கு வேண்டியிருந்தது அந்தத் தகரத்தில் கொஞ்சம்தான். ஒரு கட்டிலை மூடுகிற அளவு. கட்டிலில் அவள் புருஷன் தேவதாசன் கிடந்தான். தேயிலை பெக்டரியில் தூசிக்குள் நின்று நின்று நெஞ்சு கெட்டுப் போனவன். பதுளையில் காட்டியபோது டொக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: “ஈரம் படாத எடத்துல படுக்க வைங்க. இன்னொரு மாரி நனைஞ்சாருன்னா நான் மருந்து குடுத்துப் பிரயோசனம் இல்லம்மா.”

அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் ஈரம் படாத இடம் என்று ஒன்று கிடையாது. கட்டிலைச் சுவரோரம் தள்ளினால் தலையில் ஒழுகும், வாசல் பக்கம் இழுத்தால் காலில் ஒழுகும். காலில் ஒழுகினால் பரவாயில்லை என்று முடிவு செய்து அங்கேயே விட்டிருந்தாள். ஐப்பசி பிறக்கப் போகிறது. மழை மலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தது.

ஆகவே அவளும் ஒரு அட்டையை வாங்கிக் கதவில் மாட்டினாள்.

“வாசி பாப்பம்,” என்றான் தேவதாசன் கட்டிலில் இருந்து.

“வெள்ளனா எழும்புறது. அஞ்சு நிமிசம் மௌனமா சிந்திக்கிறது. ஒடற்பயிற்சி. புன்னகை. பொறுமை. நன்றியுணர்வு. கொற கூறாம இருக்குறது. அமைதி.”

“ஒடற்பயிற்சின்னா?”

“நடக்கணுமாம்.”

“நீ மலை ஏறி எறங்குறது?”

“கேட்டேன். அது வேலையாம். பயிற்சின்னா ஒரு வேலையும் இல்லாம நடக்கணுமாம்.”

“எல்ல டவுன்ல சுத்திப் பாக்க வாற வெள்ளக்காரங்க நடக்குறாப்ல.”

“அப்படித்தான் சொன்னாரு.”

தேவதாசன் சிரிக்கப் பார்த்து இருமினான். இருமல் அடங்க நேரமெடுத்தது. “சிந்திக்கிறது எத்தன மணிக்கு?”

“வெள்ளனா அஞ்சு மணிக்கு.”

“அந்நேரம் பைப்படியில தண்ணிக்குச் சண்டையில்ல நடக்கும்?”

“அதையும் கேட்டேன். வரிசையில நின்னுகிட்டே சிந்திக்கலாமாம்.”

மறுநாள் விடியற்காலை நிஷாந்த் வீடு வீடாக அமைதியைப் பார்க்க வந்தான். பஸ் இல்லாத நேரம் என்பதால் முதல் நாளே வந்து பெக்டரிப் பக்கம் தங்கியிருந்தான். றோசாலியின் வாசலில் நின்று, கண்ணை மூடி, காதைக் கொடுத்துக் கேட்டான்.

“யாரு அது இருமுறது?”

“அவருதாங்க.”

“இது அமைதி நேரம் அக்கா.”

உள்ளே இருந்து தேவதாசன் சொன்னான்: “நான் அடக்கித்தான் பாக்குறேன் தம்பி. அது எனக்கு முந்தி எழும்பிருது. வெள்ளனா எழும்புறதுக்கு அதுக்கு ஏதாச்சும் புள்ளி கெடைக்குமா?”

நிஷாந்த் அட்டையை மேலிருந்து கீழ் வரை வாசித்தான். “இருமலுக்குன்னு தனியா ஒண்ணும் போடல அண்ணே,” என்றான் வருத்தத்தோடு.

அவன் நல்ல பையன்தான். அதனால் றோசாலி அவனிடமே நேரே கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

“சார், எங்க வீட்டுக்கு ஒழுகுது. மழைக்கு முந்தி தகரம் கெடைக்குமா?”

நிஷாந்தின் முகம் வாடிவிட்டது. “என்ன அக்கா, நல்லாப் போய்க்கிட்டிருந்துச்சு. இப்ப கொற சொல்லிட்டீங்களே.”

“கொற சொல்லலீங்க. ஒழுகுதுன்னு சொன்னேன்.”

“ஒழுகுதுங்கிறது கொற.” ஒட்டுவதற்கு ஒரு சிவப்பு வட்டத்தை உரித்து எடுத்தான்.

“அப்ப எப்படிங்க கேக்குறது?”

“கேக்காம இருக்கணும். கேக்காம இருந்தா கட்டம் நெறையும். நெறஞ்சா தானா கெடைக்கும்.”

“கேக்காட்டி வேணும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“வேணும்னு நிக்கிறவங்களுக்கு நாங்க முதல்ல குடுக்குறதில்ல அக்கா. வேணாம்னு பக்குவம் வந்தவங்களுக்குத்தான் முதல்ல.” பிறகு, அவளுக்கு ஏதாவது நல்லது செய்யவேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். “விடுங்க, நன்றியுணர்வுல எடுத்திரலாம். உங்க கூரையப் பத்தி மூணு நல்ல விசயம் சொல்லுங்க.”

றோசாலி கூரையை அண்ணாந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“மேல இருக்கு,” என்றாள்.

“ம். அடுத்தது?”

“வெயில் உள்ளுக்கு வருது. பகல்ல லைட்டு போட வேண்டியதில்ல.”

“அருமை. இன்னொண்ணு?”

“கால்மாட்டுலதான் ஒழுகுது.”

நிஷாந்த் எழுதிக்கொண்டு போனான். அடுத்த கிழமை பதுளை அலுவலகச் சுவரில், சூரிய உதயத்துப் படம் போட்ட ஒரு பெரிய தாளில், ‘என் கூரை மேலே இருக்கிறது – ஒரு தோட்டத்துத் தாய்’ என்று அச்சடித்துத் தொங்கவிட்டிருந்ததாக மருந்தெடுக்கப் போனவர்கள் வந்து சொன்னார்கள். றோசாலிக்கு அது பெருமையாகவும் இல்லை, வெட்கமாகவும் இல்லை. பனிக்காலத்தில் கொழுந்து எடுக்கும்போது விரல் நுனி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போதெல்லாம் மற்றதும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

ஆனால் எண்ணப் பழகிக்கொண்டாள். பொறுமை வரும்போது ஒரு கொழுந்தைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். அந்தியில் மடியைப் பார்த்தால் கணக்குத் தெரியும்.

நிஷாந்துக்குப் பின்னேர பஸ்ஸைப் பிடிக்கவேண்டி இருந்ததால் அந்திப் பதிவு நல்லையாவின் தலையில் விழுந்தது. நல்லையாவுக்கு ஒரு பொருளைப் பதிவதற்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். பெண்கள் கதவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த அட்டைகளை மடுவத்தில் தராசுக்குப் பக்கத்திலேயே பரப்பிக்கொண்டார். கொழுந்து நிறுத்த கையோடு பண்பையும் வரிசையில் எடுத்தார்.

“றோசாலி. பொறுமை?”

“நாலுங்க.”

“தண்ணிக்கு ஒண்ணு, சாக்குக்கு ஒண்ணு. ரெண்டு. அடுத்தது.”

“ஐயா, பொறுமைக்கு ஏதுங்க சாக்கு?”

நல்லையாவின் பேனை நின்றது. வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டு ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்துக்கொண்டே வந்தவர். கழிக்காமல் எழுதினால் கை கூசும். “மடுவத்துக்கு வந்தா கழிப்பு உண்டு,” என்றார் கடைசியில்.

“தண்ணிக்கு எதுக்குங்கையா கழிக்கிறீங்க?” என்றாள் விஜயலெட்சுமி பின்னால் இருந்து. “நான் காஞ்ச பொறுமையில்ல கொண்டாந்திருக்கேன்.”

“ஒனக்கு வாய்க்கும் சேத்துக் கழிக்கணும்.”

மறுநாள் விஷயம் தெரிந்து நிஷாந்த் பதறிப்போய்ப் பதுளைக்கு ஃபோன் எடுத்தான். எல்லாரும் கேட்கட்டும் என்று ஷிரோமி மேடம் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

“அற்புதம் நிஷாந்த்! தன்னைப் பற்றித் தானே பதியும்போது தற்பெருமை என்ற ஈரம் எப்போதும் சேரும். நாங்கள் ஹோட்டலில் கருத்தரங்கு வைத்தும் கண்டுபிடிக்காத ஒன்றை அந்தத் தோட்டம் நடைமுறையிலேயே வைத்திருக்கிறது. இனி நமது எல்லா நிலையங்களிலும் கழிப்பு உண்டு. அந்தக் கணக்கப்பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.”

நல்லையா எழுந்து நின்று ஃபோனுக்குக் கும்பிடு போட்டார்.

கழிப்பு வந்த பிறகு றோசாலியின் கட்டங்கள் நிரம்பவே இல்லை. புன்னகையில் அவள் தொடர்ந்து அரைப்பேர். ஒரு நாள் அது கூட இல்லை. அன்றைக்குத் தேவதாசன் சளியோடு இரத்தம் துப்பியிருந்தான்.

மலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளைத்தாச்சிக்கோ காய்ச்சல்காரிக்கோ நிறை குறையும் போலிருந்தால், பக்கத்து நிரையில் நிற்பவள் தன் சாக்கிலிருந்து ஒரு கை அள்ளி அவள் சாக்கில் போடுவாள். நன்றி சொல்லும் பழக்கம் இல்லை. இன்னொரு நாள் இவள் போடுவாள். விஜயலெட்சுமிக்கு இதையும் அதையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

“ஐயா, என் சிரிப்புல ரெண்ட எடுத்து றோசாலிக்குப் போடுங்க.”

“என்னது?”

“எனக்கு மிஞ்சிக் கெடக்குங்க. அவ மூஞ்சியப் பாருங்க. புருசன் கெடக்குற கெடையில எங்கிட்டு சிரிக்கிறது?”

நல்லையா கொழுந்து கை மாறுவதைப் பார்த்தும் பாராத மாதிரி விடுகிற ஆள். இதையும் அப்படியே விட்டார். எழுதினார். உடனே வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

“என் பொறுமையில ஒண்ணு போடுங்க ஐயா.”

“எனக்கு நன்றி நெறையக் கெடக்கு. ஒரு கை போடுங்க.”

“இந்தா, நான் இன்னைக்கு வேணும்னே நடந்தேன். அத அவளுக்குப் போடுங்க.”

“எனக்கு வேணாம்டி,” என்றாள் றோசாலி.

“வேணாம்னா அதுக்கும் ஒரு புள்ளி இருக்கு. பேசாம நில்லு.”

மறுநாள் நிஷாந்த் அட்டையைப் பார்த்துத் திகைத்தான். “புன்னகை ஒவ்வொருத்தரோட சொந்த விசயம் அக்கா. ஒங்க புன்னகைய இன்னொருத்தர் பேருல எப்படிப் பதியிறது?”

“நாங்க எடுக்குற கொழுந்து மட்டும் யாரு பேருல போகுதாம்?” என்று கேட்டாள் விஜயலெட்சுமி.

மறுபடியும் பதுளைக்கு ஃபோன் போனது. பகிர்தலும் ஒரு பண்பு, கொடுத்தவருக்கும் புள்ளி, வாங்கியவருக்கும் புள்ளி என்று மேடம் தீர்ப்புச் சொன்னார். அதன்பிறகு லயத்தில் பெண்கள் பொறுமையையும் புன்னகையையும் கைமாற்றுச் சீனி போல மாற்றிக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாக் கதவிலும் அட்டைகள் பச்சையாகிவிட்டன. பண்பு நிரம்பாத வீடு என்று ஒன்று மிஞ்சவில்லை. மன்றத்துக்கு அதுதான் தலைவலியாகிப் போனது. பண்பு நிரம்பினால் தகரம் தருவோம் என்று சொல்லியிருந்தார்களே.

எல்லாரும் நிறை எடுத்தால் நிறையைக் கூட்டுவதுதான் தோட்டத்து நியாயம். மன்றம் அதையும் கற்றுக்கொண்டது. “இவ்வளவு இலகுவாக நிரம்புகிறது என்றால் நாங்கள் வைத்த அளவு குறைவு என்றுதான் அர்த்தம்,” என்று மேடம் எழுதி அனுப்பினார். பொறுமையின் நிறை இரண்டு மடங்கானது; கொடுத்தவருக்கும் புள்ளி என்பதும் நின்றது. அரைப்பேர்கள் திரும்பி வந்தன. ஆனாலும் பெண்கள் விடவில்லை. தங்கள் கட்டம் காய்ந்தாலும் பரவாயில்லை என்று றோசாலிக்கே போட்டார்கள். “ஒருத்திக்காவது கெடைக்கட்டும். கெடைச்சா மத்தவங்களுக்கும் வாய் தொறந்து கேக்கலாம்,” என்றாள் விஜயலெட்சுமி. அப்படியாக, புதிய நிறையின்படி முழுப்பேர் எடுத்த ஒரே வீடாக றோசாலியின் வீடு வந்தது.

பாராட்டு விழாவை மடுவத்துக்கு முன்னால் வைத்தார்கள். விருந்தாளிகளுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். ஆட்கள் வெளியே நின்றார்கள். மழை மலையைத் தாண்டிவிட்டது, தூறிக்கொண்டிருந்தது.

“இந்தத் தாய் பொறுமையில் முழுப்பேர்!” என்றார் ஷிரோமி மேடம் மைக்கில். “நன்றியுணர்வில் முழுப்பேர்! ஒழுகும் கூரையின் கீழே வாழ்ந்தும் ஒழுகுகிறது என்று ஒரு நாளும் சொல்லாதவர். ஆரம்பத்தில் ஒரு முறை சொன்னார். அதை நாங்கள் மன்னித்துவிட்டோம்.”

கை தட்டினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள். றோசாலி வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். இறங்கலாம் என்று நிஷாந்த் கண்ணால் காட்டினான். அவள் இறங்கவில்லை.

“தகரம்ங்க?” என்றாள். மைக் கிட்ட இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

மேடத்துக்குக் கோபம் வரவில்லை. அவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலச் சிரித்தார்.

“நல்ல கேள்வி. நான் உங்களையே திருப்பிக் கேட்கிறேன். தகரத்தை இன்றைக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு எதற்காக நீங்கள் நல்லவர்களாக இருப்பீர்கள்?” கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “வேறொரு தோட்டத்தில் நாங்கள் அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டோம். மறுநாள் ஒருவர் கூட அட்டை நிரப்பவில்லை. ஒரு புன்னகை கூட வரவில்லை. எங்களுக்கு மிஞ்சியது என்ன? வெறும் கூரைகள்! உங்களுக்கு அந்தத் துரோகத்தை நான் செய்ய மாட்டேன். தகரம் இங்கேயே இருக்கும். உங்கள் கண் முன்னாலேயே இருக்கும். தினமும் பார்ப்பீர்கள், தினமும் வளர்வீர்கள்!”

விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்புறம் றோசாலியைத் தகர அடுக்கின் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். “கொஞ்சம் சிரிங்க அம்மா,” என்றார்கள். அவளிடம் இருந்ததெல்லாம் மற்றவர்கள் போட்ட சிரிப்பு. அது முகத்துக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தேவதாசனின் கம்பளி நனைந்து, கால் இரண்டும் ஜில்லிட்டுக் கிடந்தன. தலைமாட்டிலும் சொட்டத் தொடங்கியிருந்தது.

“என்ன குடுத்தாங்க?”

காட்டினாள்.

“கண்ணாடி போட்டிருக்கு,” என்றான். “இதுக்கு மேல ஒழுகினாலும் உள்ளுக்கு எறங்காது.”

அவள் அதை மூலையில் சாத்தினாள். கட்டிலை எந்தப் பக்கம் இழுப்பது என்று பார்த்தாள். இழுக்கப் பக்கம் இல்லை.

“வாங்க, போவம்,” என்றாள்.

“எங்க?”

“தகரத்துக்கிட்ட.”

“அத இங்க கொண்டாறதுதானே முறை?”

“கொண்டாற விட மாட்டாங்க. நாம அங்க போகக் கூடாதுன்னு யாரும் சொல்லல.”

தேவதாசன் அவளைப் பார்த்தான். கேலி பண்ண ஏதாவது கிடைக்குமா என்று தேடியவன் போல இருந்தது. பிறகு கையை நீட்டினான்.

விஜயலெட்சுமியும் பக்கத்துக் காம்பராப் பெண்களும் வந்தார்கள். அவனைக் கம்பளியோடு தூக்கி, மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்குகளை மேலே பிடித்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி மடுவத்துக்குக் கொண்டுபோனார்கள். நல்லையா அந்திக் கொழுந்தை நிறுத்து முடித்து, தராசைக் கழற்றப் போய்க்கொண்டிருந்தார்.

“என்னா இது? இங்க ஆளப் போட ஏலாது. இது கொழுந்து மடுவம்.”

“கொழுந்து நனையக் கூடாதுன்னுதானேங்க ஐயா இந்தக் கூரை?” என்றாள் றோசாலி.

“ஆமா.”

“தகரமும் நனையக் கூடாதுன்னுதானே இங்க வச்சிருக்கு?”

“ஆமா.”

“இவரும் நனையக் கூடாதாம். டொக்டர் சொன்னாரு.”

நல்லையா வாசலை மறித்துக்கொண்டு யோசித்தார். “நிறுக்காம மடுவத்துக்குள்ள ஒண்ணையும் எடுக்க ஏலாதே,” என்றார் தவிப்போடு.

“அடப் பாவி மனுசா,” என்றாள் விஜயலெட்சுமி.

“நிறுங்க கணக்கப்புள்ள,” என்றான் தேவதாசன் கம்பளிக்குள் இருந்து. “எனக்கும் தெரிஞ்சுக்கணும்.”

கம்பளியின் நாலு முனையையும் சேர்த்துத் தராசின் கொக்கியில் மாட்டினார்கள். பெண்கள் அடியில் கை கொடுத்து, பிறகு மெதுவாகக் கையை எடுத்தார்கள். முள் நகர்ந்தது. கொஞ்சம்தான் நகர்ந்தது. நின்றது. நல்லையா கிட்டப் போய்ப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“எம்புட்டு?” என்றான் தேவதாசன்.

நல்லையா பேனையை எடுத்து ஒரு இலக்கத்தை எழுதினார். தண்ணிக்கும் கம்பளிக்கும் கழிக்கவில்லை. “எறக்குங்க, எறக்குங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே போய் மழையில் நின்றார்.

நீலத் தறப்பாளை மடித்து மெத்தையாகப் போட்டு, தகர அடுக்கின் மேல் அவனைக் கிடத்தினார்கள். றோசாலி காய்ந்த சீலை ஒன்றைப் போர்த்தினாள். மேலே கூரையில் மழை கொட்டியது. ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. விஜயலெட்சுமி கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

மறுநாள் பெரட்டு நேரத்தில் நிஷாந்த் வந்து பார்த்தான். ஃபோனை எடுத்தான். மடுவத்தின் பின்பக்கம் போய் நெடுநேரம் பேசினான். திரும்பி வந்து எல்லாருக்கும் வாசித்தான்.

“மேடம் சொன்னத அப்படியே சொல்றேன். நோயாளியை அகற்ற வேண்டாம். அகற்றினால் மன்றத்தின் அட்டையில் கருணைக் கட்டம் சிவப்பாகிவிடும். அவரைக் கௌரவத் தகரக் காவலராகப் பதிந்துகொள்ளுங்கள். தகரத்தை எடுப்பதென்றால் அவரை எழுப்ப வேண்டும். நோயாளியை எழுப்புவது பண்பல்ல. ஆகவே தகரப் பங்கீடு காலவரையின்றி ஒத்திவைக்கப்படுகிறது.”

“அப்ப எங்களுக்கும் இல்லியா?” என்றாள் விஜயலெட்சுமி.

“இல்லன்னு சொல்லல அக்கா. ஒத்திவைப்பு.”

விஜயலெட்சுமி மடுவத்துக்குள் எட்டி, தகர அடுக்கின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்தாள். “எங்க மாமியாளுக்கும் இருமல் இருக்கு. அந்த ஓரத்துல ஒரு ஆளுக்கு எடமிருக்கும் போல.”

வரிசையில் இன்னும் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள்.

பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரியும்போது நிஷாந்த் றோசாலியின் பின்னால் ஓடி வந்தான். கையில் புது அட்டை.

“அக்கா, மேடம் ஒரு புதுக் கட்டம் போட்டிருக்காங்க. மகிழ்ச்சி. முதல்ல ஒங்களக் கேக்கச் சொன்னாங்க. இன்னைக்கு மகிழ்ச்சியா இருக்கீங்களா?”

றோசாலி சாக்கின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றாள். யோசித்துப் பார்த்தாள்.

“அவரு தூங்குனாரு சார். விடியுற மட்டும் தூங்குனாரு.”

“அப்ப மகிழ்ச்சின்னு போடவா?”

“தெரியலீங்க. தூங்குனாரு.”

நிஷாந்த் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் புரட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பி மலை ஏறினாள்.